பூசையில் வைத்த பொம்மைக் கார்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கோயில் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்கும்போதெல்லாம் "பாப்போம், பாப்போம்" என்று சொல்லி நழுவிவிடுவேன். அம்மன் அருளைப் பற்றி எழுதுகிறவர்கள் நோய் தீர்ந்ததை எழுதுகிறார்கள், பிள்ளை பிறந்ததை எழுதுகிறார்கள். நான் எழுத வேண்டியதோ துப்பாக்கி பொருத்திய பொம்மைக் கார்களைப் பற்றி. பேரன் எடுக்கும் வயதில் ஒருவன் இதையெல்லாம் எழுதினால் சிரிக்க மாட்டார்களா என்று கூச்சம். அதைவிட, அம்மன் பெயரை இதில் இழுக்கலாமா என்ற பயம். ஆனால் வாங்கிய அருளை வெளியில் சொல்லாமல் இருப்பதும் சரியில்லை என்று இந்த வருடம் தோன்றிவிட்டது. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை விட்டவன் நான். வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பஸ் ஓட்டியவன். ஈப்போவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்ட பழைய தோட்டங்களில் இன்னமும் குடியிருக்கிற பெண்களை விடிந்ததும் ஏற்றிக்கொண்டு போவேன், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவேன். அவர்களுக்கு நான் "அண்ணே". ஏறும்போதே கதை ஆரம்பித்துவிடும். முதல் சாலைச் சந்திப்பு வருவதற்குள் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

மழை விடாத ஒரு காலையில், பழைய ரப்பர் ஆலைக்கு அருகில் உள்ள வளைவில் பஸ் சறுக்கியது. செம்பனைப் பழ லாரிகள் சிந்திவிட்டுப் போன சேறு. பஸ் கால்வாயில் இறங்கிச் சாய்ந்தது. அம்மன் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணுக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்தது. போலீஸ்காரர்கள் என் மேல் குற்றம் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையோடு அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்து, "அண்ணே, எப்ப திரும்ப வாரீங்க? புது டிரைவரு ரேடியோவ போடவே மாட்டேங்கிறாரு" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் போகவில்லை. போக முடியவில்லை. ஸ்டீரிங்கைத் தொட்டால் கை உதறும். கண்ணை மூடினால் "அண்ணே! அண்ணே!" என்ற கூச்சல் மட்டும்தான் கேட்கும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது எனக்கே தெளிவில்லை. பஸ்ஸை நான் கவிழ்த்துவிட்டேன் என்பது ஒன்றுதான் மனதில் நின்றது. பஸ் வேலையை விட்டுவிட்டு ஒரு கடைத்தொகுதியில் ஜாகாவாக, காவல் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் சொந்தக் காரிலும் பின் இருக்கையில்தான் உட்காருவேன். வாசலில் ஏறும்போது சொல்ல ஆரம்பித்த மந்திரத்தை இறங்கும்போதுதான் நிறுத்துவேன்.

காரை ஓட்டியது என் மகள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். அவளும் வேலைக்குப் போகிறவள், ஒரு பட்டறையில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் வேலை. என் மனைவிக்குக் கண்ணில் அழுத்த நோய். ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அடிக்கடி போகவேண்டும். மருந்து விட்டு அனுப்பினால் அன்று முழுக்க அவளுக்குப் பார்வை மங்கலாக இருக்கும். எங்கள் தாமான், அதாவது நாங்கள் இருக்கும் குடியிருப்பு, தோட்டத்துக்குள் தள்ளி இருப்பதால் வாடகைக் கார்கள் வரத் தயங்கும். ஆக, மகள்தான் கூட்டிப்போவாள்.

அந்த மகளுக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம். கடையில் சிறு பிள்ளைகளுக்கு விற்கும் உள்ளங்கை அளவுக் கார்களை வாங்கி, பிரித்து, அதன் மேல் துப்பாக்கி ஒட்டுவாள். துப்பாக்கி என்றால் பேனாக் குழாய், தீக்குச்சி, அறுந்த சங்கிலித் துண்டு. டீ வடிகட்டியின் வலையை வெட்டிக் கண்ணாடிக்குக் கம்பியாக வைப்பாள். பிறகு துரு ஏறியதுபோல் சாயம் அடிப்பாள். அந்தத் துருவைப் பார்த்து நானே ஒருமுறை விரலால் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஈப்போ பழைய டவுனில் ஒரு கடையின் மாடி அறைக்குப் போய், கூட்டாளிகளோடு மேசையில் அந்தக் கார்களை ஓட்டிச் சண்டை போடுவாள். பேட்டரி கிடையாது, ரிமோட் கிடையாது. வளைவாகவும் நேராகவும் வெட்டிய அட்டைகள் இருக்கும். அட்டையைக் காருக்கு முன்னால் வைத்து, அது காட்டும் வழியில் காரை நகர்த்த வேண்டும். பகடை உருட்டினால் சறுக்கலா, சுடலாமா என்று தெரியும்.

எனக்குப் பிடிக்கவில்லை. காரென்றாலே எனக்குப் பயம், இதில் மோதி நொறுக்குவது ஒரு விளையாட்டா? "சாமி மாடத்துக்குக் கீழ வைக்காதம்மா, மண்டையோடு வரைஞ்சிருக்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி அங்கேயேதான் வைப்பாள். வேறு இடமில்லை.

அந்த வருடம் அவளுக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சாயப் பிரிவில். பட்டறையில் ஆண்களுக்கு நடுவில் ஒருத்தியாக நின்று கற்றுக்கொண்ட வேலைக்கு இது பெரிய இடம். அங்கேயே தங்க வேண்டும். தீபாவளி முடிந்ததும் பதில் சொல்லவேண்டும்.

"போகலப்பா" என்றாள் சாப்பிடும்போது.

"ஏம்மா?"

"அம்மாவ யாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது?"

நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். என் மனைவிதான், "நான் பஸ் ஏறிப் போயிக்கிறேன், நீ போ" என்றாள்.

"மருந்து விட்டப்புறம் எந்த பஸ்ஸுன்னு எப்படிம்மா தெரியும்? கோலாலம்பூர் பஸ்ஸுல ஏறிட்டு, தூங்கிட்டுப் போயிருவ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சாமி முன்னால் நின்று நான் கேட்டது ஒன்றுதான். என் பயத்துக்காக இந்தப் பிள்ளையின் வழி அடைபட வேண்டாம் தாயே.

ஆயுத பூசை அந்த வருடம் சனிக்கிழமையில் வந்தது. மகளுக்கு மதியம் வரை வேலை. நானும் மனைவியும் வீட்டைக் கழுவி, காரைக் கழுவி, சாமான்களைச் சாமி முன்னால் அடுக்கினோம். தையல் மெஷின், அரிவாள்மனை, தேங்காய் துருவி, என் பழைய ஸ்பானர்கள். விபூதி குழைத்துக்கொண்டிருந்தபோது மனைவி அந்த பிஸ்கட் டின்னைத் தூக்கிவந்து வைத்தாள்.

"இத எதுக்கு?"

"ஆயுத பூசதானே? நம்ம வீட்டுல நெசமான ஆயுதம் இதுக்குள்ளதான் இருக்கு. துப்பாக்கி, பீரங்கி எல்லாம் இருக்கு. அருவாமனைக்கு வைப்பீங்க, பீரங்கிக்கு வைக்க மாட்டீங்களா?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. பூசையில் வைத்தால் அதிலுள்ள கோபதாபம் குறையும் என்றும் நினைத்தேன். ஒவ்வொரு காராக எடுத்து முன்பக்கத்தில் விபூதிப் பட்டை இழுத்தேன். மண்டையோட்டின் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கப்போனால், பழம் காரைவிடப் பெரிதாக இருந்தது. கொல்லையில் காய்த்த லிமாவ் கஸ்தூரியை, கோலிக்குண்டு அளவுச் சின்ன எலுமிச்சையை, பறித்துவந்து வைத்தேன். அதுவே அந்தச் சக்கரத்துக்குப் பாறாங்கல் போலத்தான் இருந்தது. வரிசையாகப் பார்க்கும்போது நன்றாகவே இருந்தது, சொல்லக் கூடாது.

மகள் வந்து பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா! இன்னிக்குப் பந்தயம்ப்பா! ஐயோ, சந்தனத் தண்ணி வழிஞ்சிருக்கு. துருவெல்லாம் மஞ்சளாப் போச்சு!"

"தொடச்சா போயிரும்மா."

"போகாதுப்பா, இது பளபளப்பு இல்லாத பெயின்ட். உறிஞ்சிரும்." காரை எடுக்கக் கையை நீட்டினாள்.

"எடுக்காதே" என்றேன். "பூசையில வச்சத இன்னிக்கி எடுக்கக்கூடாது. நாளைக்கி மறுபூச முடிஞ்சாத்தான்."

இது எங்கள் வீட்டு வழக்கம். அன்று கத்தி கூட எடுக்க மாட்டோம். காய்கறியை முதல் நாளே நறுக்கி வைத்துவிடுவோம். காரும் நகராது. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. என்னைத் திட்டியிருக்கலாம். கையை மடக்கிக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு, போனை எடுத்து வெளியே போனாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. இருந்த ஒரு சந்தோஷத்தையும் தட்டிப் பறித்துவிட்டேனே என்று.

மதியத்துக்குமேல் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவள் கூட்டாளிகள் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் சீனர். அவர் குடும்பம் முன்பு ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தது. அதனால் தமிழ் எங்களைப் போலவே பேசுவார். இன்னொருவர் மலாய்க்கார ஆசிரியை, தலையில் துடோங் முக்காடு, கையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி.

"அங்கள், உங்க வீட்டு காருக்குத்தான் லீவு. எங்க காருக்கு லீவு இல்ல லா" என்றார் சீனத் தம்பி. "இங்கயே வெளயாடலாமா? சுண்டல் இருக்குன்னு கேள்விப்பட்டோம்."

மனைவி உடனே சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கொடுத்தாள். ஆசிரியை மண் நிறத் துணி ஒன்றை விரித்தார். பஞ்சு மரங்கள், தீப்பெட்டி வீடுகள் எல்லாம் முளைத்தன. மகளுக்கு அவர்கள் ஒரு காரைக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் ஒரு பஸ்ஸும் இருந்தது. கூரை மேல் பீரங்கி, ஜன்னலெல்லாம் தகடு.

"இத ஓட்ட ஆள் இல்ல" என்றாள் மகள், யாரையும் பார்க்காமல்.

"ஏன் இல்ல? ஈப்போவுல சும்மா உக்காந்திருக்கிற ஒரே பஸ் டிரைவரு நம்ம வீட்டுலதான் இருக்காரு" என்றாள் என் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். மகளுக்குச் செய்ததற்கு ஈடாக இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

அதில் ஒரு சட்டம் உண்டு. அட்டையில் கைபட்டால் அதைத்தான் வைக்கவேண்டும், மாற்ற முடியாது. முதல் சுற்றில் நேர் அட்டை, ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில் வேகம் ஏறிவிட்டது. மரங்களுக்கு இடையே ஒரு வளைவு. என் கை போய்க் கடும் வளைவு அட்டையைத் தொட்டுவிட்டது.

"தொட்டுட்டீங்க, தொட்டுட்டீங்க!" என்று சீனத் தம்பி கத்தினார். "போச்சு லா பஸ்ஸு!"

வைத்தேன். பகடையை உருட்டினேன். சறுக்கல். பஸ்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார் ஆசிரியை. அப்படித்தான் செய்யவேண்டுமாம்.

சக்கரங்கள் மேலே பார்த்துக் கிடந்த அந்தப் பஸ்ஸைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். மகள் என் முகத்தைக் கவனித்துவிட்டாள். "அப்பா, போதும். விட்டுரலாம்" என்று எழுந்தாள்.

என்னவென்று தெரியவில்லை, "இப்படி இல்ல" என்றேன். "அன்னிக்கி இப்படி இல்லம்மா."

பஸ்ஸை நிமிர்த்தி வளைவுக்கு முன்னால் வைத்தேன். சுண்டல் தட்டை இழுத்து இடது பக்கம் வைத்தேன். "இது ஈயம் தோண்டின பழைய குட்டை." வலது ஓரத்தில் கரண்டியை நீளமாக வைத்தேன். "இது கால்வாய்." பொரியை அள்ளிப் பாதையில் தூவினேன். "இது சேறு."

"அந்த எடம் எனக்குத் தெரியும்" என்றார் சீனத் தம்பி மெதுவாக. "எங்கப்பா வேனும் அங்க சறுக்கியிருக்கு. அந்தக் குட்டை ரொம்ப ஆழம், அங்கள்."

பஸ்ஸை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். அன்று கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது, மேசையில் எனக்காக நின்று நின்று நடந்தது. "இங்க வந்ததும் முழு பஸ்ஸும் குட்டை பக்கம் இழுத்துச்சு. பிரேக் அடிக்கல. அடிச்சிருந்தா நேரா உள்ளதான். எதிர்ல பாத்தேன், வண்டி வரல. அப்புறம்..." என் இரண்டு கைகளும் மேசைக்கு மேலே வெறும் காற்றைப் பிடித்து வலது பக்கம் முறுக்கின. எல்லோரும் அந்தக் கைகளையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"அப்பா" என்றாள் மகள். "கால்வாய் பக்கம் திருப்புனது நீங்களா?"

நான் கைகளை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

"இவ்வளவு நாளா பஸ்ஸக் கவுத்துட்டேன், கவுத்துட்டேன்னுதானே சொன்னீங்க? எதிர்ல பாத்தேங்கிறீங்க. பிரேக் அடிக்கலேங்கிறீங்க. நீங்கதான்ப்பா திருப்பியிருக்கீங்க."

"எனக்குத் தெரியலம்மா. அம்மன்தான் திருப்பியிருப்பா."

"யாரு திருப்புனா என்ன லா" என்றார் சீனத் தம்பி. "தண்ணியில விழல இல்ல?"

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி சாமி மாடத்துக்குப் போய், விபூதியை எடுத்துவந்து என் நெற்றியில் பூசினாள். ஆசிரியைக்கு நாங்கள் பேசியது பாதிதான் புரிந்திருக்கும். மகள் மலாயில் சொல்லிப் புரியவைத்தாள். அவர் சுண்டல் தட்டையும் கரண்டியையும் ஒதுக்கி, "பெலும் ஹாபிஸ் லாகி, பாச்சிக்" என்றார். ஆட்டம் இன்னும் முடியவில்லை, மாமா என்கிறார். கவிழ்ந்த வண்டி அந்த விளையாட்டில் செத்துப்போவதில்லையாம். எதிராளி அதைத் தன் இஷ்டப்படி ஒரு திசையில் திருப்பி வைப்பார். அங்கிருந்து முதல் கியரில் கிளம்ப வேண்டுமாம்.

எதிராளி என் மகள். என் மேல் இரக்கப்பட்டு நல்ல பக்கமாகத் திருப்பி வைப்பாள் என்று பார்த்தால், தீப்பெட்டி வீட்டுச் சுவரைப் பார்த்து மூக்கு இடிக்கிற மாதிரி வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ரூல்னா ரூல்ப்பா."

சுவரைச் சுற்றி வெளியே வருவதற்குள் ஆசிரியையின் கார் பின்னால் வந்து என் பஸ்ஸுக்குத் தீ வைத்துவிட்டது. "டீச்சர், உள்ள எல்லாம் வேலைக்குப் போற பொம்பளைங்க!" என்று என் மனைவி சத்தம் போட்டாள். கடைசியாகத்தான் வந்தேன். ஆனால் வந்து சேர்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை மறுபூசை முடிந்தது. வாசலில் நின்ற எங்கள் காரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. வழக்கமாக மகள்தான் ஏறி நசுக்குவாள். அவள் சாவியை எடுத்தபோது நான் கையை நீட்டினேன். அவள் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தேன். கை உதறத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது. முதல் தடவை எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டாவது தடவை கார் பழத்தின் மேல் ஏறி இறங்கியது. அங்கேயே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மனைவி பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். "அண்ணே, போலாம்" என்றாள், பஸ்ஸில் வரும் பெண்கள் மாதிரியே. தாமான் முனை வரை போய்த் திரும்பினோம். சட்டை முழுக்க வேர்வை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழை பெய்தால் அன்று ஓட்ட மாட்டேன். லாரி எதிரே வந்தால் ஓரமாக நிறுத்தி, அது போனபிறகு எடுப்பேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். கோயிலுக்கு ஓட்டினேன், சந்தைக்கு ஓட்டினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே போனைப் பார்த்துக்கொண்டு வருவாள். அவள் கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும்.

தீபாவளிக்கு முந்திய வாரம் மருத்துவமனை நாள் வந்தது. மகள் லீவு எடுத்திருந்தாள். "நீ வேலைக்குப் போம்மா" என்றேன். அவள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். போகும்போது மந்திரம் சொல்லிக்கொண்டே நானே ஓட்டினேன். திரும்பும்போது மனைவிக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். முன் இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "உங்ககூட வர்றதுக்கு இதுதான் நல்லது. ஒண்ணும் தெரியல, அதனால பயமும் இல்ல" என்றாள். நான் சிரித்துவிட்டேன். காரை ஓட்டிக்கொண்டே சிரித்தது அதுதான் விபத்துக்குப் பிறகு முதல் தடவை. பெரிய சாலையிலிருந்து திரும்பும் இடத்தில் தூறல் விழுந்தது. வைப்பரைப் போட்டுவிட்டு மெதுவாக வந்துவிட்டோம்.

மகள் வீட்டு வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போயிருக்கவே இல்லை, பெரிய பொய்க்காரி. அம்மாவைக் கைப்பிடித்து இறக்கிவிட்டு, என்னிடம் வந்து, "அப்பா, நான் சரின்னு சொல்லிரட்டா?" என்று கேட்டாள். "சொல்லும்மா" என்றேன். அங்கேயே நின்று போன் பண்ணினாள். இப்போது தஞ்சோங் மாலிமில் புதுக் கார்களுக்குச் சாயம் அடிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது கூட்டாளிகளும் வருகிறார்கள். பஸ் எனக்கு என்றே ஆகிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஓட்டப் பயந்து உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருவர் காதில் விழட்டும். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அம்மன் என் கனவில் வந்தாள் என்று சேர்க்காதீர்கள், அவள் வரவில்லை. கை நடுங்கியதை விட்டுவிடாதீர்கள். கோயில் விஷயத்தில் எதற்கு என்று பீரங்கியையும் மண்டையோட்டையும் எடுத்துவிடாதீர்கள். சீனத் தம்பியையும் மலாய் ஆசிரியையையும் நம் ஆட்களாக மாற்றிவிடாதீர்கள். அவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டு கேட்டதால்தான் எனக்கு வாய் திறந்தது. அம்மன் அன்று அப்படித்தான் வந்தாள் என்று நான் நம்புகிறேன். நம்பாதவர்களும் வார்த்தை மாற்றாமல் சொன்னால் போதும்.